பவுனுக்குப் போட்ட வாய்க்கூடு

கார்த்திகை பிறந்து மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு காலையில் பவுனு நடக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது.

பவுனு, வன்னியபெருமாள் வீட்டு மட்டக்குதிரை. செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளையாக ஒரு தீற்றல். கழுகுமலை, நாகலாபுரம், கோவில்பட்டி என்று சுற்றுவட்டாரத்தில் காதுகுத்தோ சடங்கோ கல்யாணமோ எதுவானாலும், தலையில் குஞ்சம் வைத்துக்கொண்டு சாரட்டு வண்டியை இழுத்துப் போகிற குதிரை அது. பேண்டுச் சத்தத்துக்கும் மிரளாது, வேட்டுக்கும் மிரளாது. அப்படிப்பட்டதற்கு அன்றைக்குத் தொழுவத்திலிருந்து வாசல் வரைக்கும் வர முடியவில்லை. முன்னங்கால் இரண்டையும் எட்ட நீட்டி ஊன்றி, பாரத்தையெல்லாம் பின்னங்காலில் போட்டு, நாற்காலி இருக்கிறதென்று நம்பி உட்காரப் போகிறவர் மாதிரி பின்னால் சாய்ந்து நின்றது.

கற்பகம் குனிந்து குளம்பைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் போலச் சுட்டது. நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

"வாய்க்கூட்ட யாரு அவுத்தா?"

வன்னியபெருமாளுக்குப் பதில் நன்றாகவே தெரியும். "யாரு அவுக்கப் போறா" என்று முனகிவிட்டு, வாளியைத் தேடுகிறவர் போலக் கிணற்றுப் பக்கம் போய்விட்டார். வாளி அவர் காலடியில்தான் கிடந்தது.

எங்கள் பக்கத்துப் பூமி எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சித்திரை வைகாசியில் கரிசல் வாய் பிளந்து கிடக்கும். விட்ட வெடிப்பில் ஆட்டுக்குட்டியின் கால் சிக்கிக்கொள்ளும். ஆடி ஆவணியில் காற்று அடிக்கும், அவ்வளவுதான். ஐப்பசியில் நாலு மழை விழுந்துவிட்டால் போதும், நேற்றுவரை சாம்பலாகக் கிடந்த காடா இது என்று கேட்கும்படி ஆகிவிடும். உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் ஒருபுறம், கண்மாய்க்குள்ளும் ஓடைக்கரையிலும் அருகும் மத்தங்காய்ப் புல்லும் தொய்யக்கீரையும் ஒருபுறம். வருஷம் முழுக்கக் காய்ந்த தட்டையைக் கடித்த உயிரெல்லாம் அந்த இரண்டு மாசத்தில்தான் பச்சையைக் கண்ணில் பார்க்கும். அந்த நேரத்தில் ஒரு வாயில்லா ஜீவனின் வாயைக் கட்டிப் போடுகிறவளை ஊர் என்னவென்று சொல்லும்? சொல்லத்தான் செய்தது.

ஆனால் கற்பகம் வேண்டுமென்று கட்டவில்லை. போன வருஷம் இதே பச்சைக் காலத்தில் பவுனு லேசாக நொண்டியது. கோவில்பட்டியிலிருந்து கால்நடை டாக்டர் உமாதேவி வந்து பார்த்தார். மட்டக்குதிரையின் உடம்பு வறட்சிக்குத் தோதானது, கிடைத்ததைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், அதற்குக் காய்ந்த தட்டைதான் சுகம் என்றார். மழைப்புல்லில் சீனிச்சத்து ஜாஸ்தி. வெயில் ஏற ஏறப் புல்லிலும் சீனி ஏறும். அதை வயிறு முட்ட நாள்கணக்கில் தின்றால் குளம்புக்குள்ளே வெந்துபோகும். ஆகையால் விடிந்ததும் கொஞ்ச நேரம், அதுவும் புல் மெலிந்த சரளை மேட்டில்தான் மேய்க்க வேண்டும். வெயில் வந்ததும் கொண்டுவந்து கட்டிவிட வேண்டும். கண்மாய்ப் பக்கம் நடத்திக்கொண்டு போனால் வாயை மூடித்தான் போக வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, எட்டி நின்ற வன்னியபெருமாளைப் பார்த்து, அவருக்கும் சீனி வியாதி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றாள் கற்பகம். அப்படியானால் இரண்டு பேருக்கும் ஒரே பத்தியம்தான் என்று டாக்டர் சிரித்தார். வன்னியபெருமாளும் சிரித்தார். புல்லுக்குக்கூடச் சீனி வரும் என்று அவர் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை.

கற்பகம் அன்றைக்கே பரணில் ஏறினாள். உழவு மாடு வைத்திருந்த காலத்தில் பருத்திக்கு இடை உழும்போது, மாடு செடியைக் கடித்துவிடாமல் வாயில் மாட்டுகிற கயிற்றுக்கூடு ஒன்று அங்கே கிடந்தது. டிராக்டர் வந்து மாடு போனபிறகு அதைத் தேட ஆளில்லை. பிரிந்த கண்ணியையெல்லாம் நைலான் நூல் வைத்துப் பின்னி, இரண்டொரு புல் நுனி மட்டும் நுழைகிற மாதிரி அடியில் இடம் விட்டு, பவுனு முகத்துக்கு அளவாகத் தைத்தாள். தண்ணீர் குடிக்கலாம், மூச்சு விடலாம், வாய் நிறையப் பிடுங்க முடியாது.

அவளுக்கு இந்த வேலை புதிதில்லை. புருஷனுக்குச் சீனி என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அகப்பை அவள் கையில்தான். குதிரைவாலிச் சோறு ஒரு அகப்பை, அதற்கு இரட்டிப்பாகக் கீரை. பொங்கலானாலும் கோயில் கொடையானாலும் அதே அகப்பைதான். வன்னியபெருமாள் வட்டிலைப் பார்ப்பார், சட்டியைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார். அவள் எங்கேயும் பார்க்க மாட்டாள்.

பக்கத்து வீட்டுச் செல்வமாரி மட்டும் மனசில் பட்டதைப் போட்டு உடைக்கிறவள். அவளும் கற்பகமும் ஒரே தீப்பெட்டி ஆபீஸில் அடுத்தடுத்து உட்கார்ந்து குச்சி அடைக்கிறவர்கள். ஒரே வேனில் போய் ஒரே வேனில் திரும்புவார்கள். மத்தியானம் தூக்குவாளியைத் திறந்தால் இதில் பாதி அதற்கும் அதில் பாதி இதற்கும் போகும். தெருக்குழாயில் நாலு குடம் வரிசையில் இருக்கும்போது செல்வமாரி சொன்னாள்: "மழ பேயாத காலத்துலதான் அதுக்கு ஒண்ணும் இல்ல. பேஞ்ச பெறகும் வாயக் கட்டி வச்சிருக்கீங்களே மதினி. பாவம் பிடிக்கும்." கற்பகம் டாக்டர் சொன்னதைச் சொன்னாள். செல்வமாரி நம்பவில்லை. புல் தின்று குதிரைக்கு நோவு வருமென்று அந்தக் குழாயடியில் யாருமே நம்பவில்லை.

வன்னியபெருமாள் நம்பினாரா என்றால், காலையில் நம்பினார். விடிந்ததும் பவுனைச் சரளை மேட்டுக்குப் பத்திக்கொண்டு போவார். வெயில் ஏறுமுன் கொண்டுவந்து கட்டுவார். தட்டையை நறுக்கி வைப்பார். எல்லாம் ஒழுங்குதான். கற்பகத்தை வேனில் ஏற்றி அனுப்பிய பிறகு வீடு காலியாகும். இருந்த காட்டை விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டுவிட்டதால் அவருக்கும் பெரிதாக வேலையில்லை. சாயங்காலம் கால் ஆற நடத்த வேண்டும் என்று கூட்டை மாட்டிக் கண்மாய்க்குள் கூட்டிப் போவார். முழங்கால் அளவு புல். பவுனு கூட்டோடு குனியும். புல் நுனி ஒன்றிரண்டு நாக்கில் படும். மறுபடி முகத்தைத் தேய்க்கும். பிறகு அவரை நிமிர்ந்து பார்க்கும்.

அந்தப் பார்வைதான் அவரைக் கெடுத்தது. தம் வட்டிலுக்கு முன்னால் தாம் பார்க்கிற பார்வை அது என்று அவருக்குப் பட்டது. ஒருநாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கூட்டை அவிழ்த்து, கரையோரம் நின்ற உடைமரத்துக் கிளையில் மாட்டினார். புல்லுதானே என்று சொல்லிக்கொண்டார். மடியிலிருந்து கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்துத் தாமும் பிரித்தார். சீனி மிட்டாயா என்ன, கருப்பட்டிதானே. குதிரை ஒரு பக்கம் தின்ன, அவர் ஒரு பக்கம் தின்ன, கரையில் கொக்கு நிற்க, அப்படி ஒரு நிம்மதியை அவர் பல வருஷமாக அனுபவித்ததில்லை. மறுநாளும் போனார். அதற்கு மறுநாள் பவுனு தானாகவே உடைமரத்தடியில் போய் நின்று முகத்தை நீட்டியது. அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. வேன் வருவதற்குள் கூட்டை மாட்டி, வாயோரத்துப் பச்சையைத் துண்டால் துடைத்து, அவர் வாயையும் துடைத்துக்கொண்ட பிறகு இருவரும் வீடு வந்து சேர்வார்கள்.

அந்த நிம்மதிதான் இப்போது தொழுவத்தில் கால் நீட்டி நின்றது.

டாக்டர் உமாதேவி வந்து ஊசி போட்டார். குளம்பை அமுக்கிப் பார்த்தபோது பவுனு பல்லைக் கடித்தது. இந்தத் தடவை டாக்டர் சிரிக்கவில்லை. குளம்புக்குள் இருக்கிற எலும்பு பிடிமானம் விட்டு இறங்கிவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். அப்படி ஆனால் வலியோடு வைத்திருப்பதைவிட ஊசி போட்டு அனுப்பி வைப்பதுதான் நல்லது, இரண்டொரு வாரத்தில் தெரிந்துவிடும் என்றார். குளம்பைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும், காலடியில் மெத்தென்று வைக்கோல் வேண்டும், பச்சையைக் கண்ணிலேயே காட்டக் கூடாது. கற்பகம் எல்லாவற்றையும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். டாக்டர் போகும்போது, யாரோ தொடர்ந்து மேய விட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வன்னியபெருமாள் டாக்டரின் மோட்டார்சைக்கிள் போன தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கற்பகத்துக்கு யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. அந்த வாரம் முழுக்கச் செல்வமாரி காய்ச்சல் என்று ஆபீஸுக்கு வரவில்லை, வீட்டில்தான் கிடந்தாள். வாயைக் கட்டுவது பாவம் என்று நாலு பேர் முன்னால் சொன்னவள். ஆட்டுக்குப் புல் அறுக்கிறவள். தொழுவத்துக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு முள்வேலி மட்டும்தான்.

"அவதான். பாவ புண்ணியம் பாத்திருப்பா" என்றாள் கற்பகம்.

அந்த இடத்தில் வன்னியபெருமாள் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தார். "பொம்பளைக சண்டையெல்லாம் இப்ப எதுக்கு" என்றார். அவ்வளவுதான் வந்தது.

கற்பகம் சண்டைக்குப் போகவில்லை. போயிருந்தால்கூடத் தேவலை. அவள் வேனில் இடம் மாறி உட்கார்ந்தாள். ஆபீஸில் குச்சிக்கட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு வரிசைக்குப் போனாள். மத்தியானம் தூக்குவாளியைச் சுவரைப் பார்த்துத் திறந்தாள். செல்வமாரி இரண்டு தடவை வந்து பேச்சுக் கொடுத்துப் பார்த்தாளாம். இவள் காதில் வாங்கவில்லையாம். குதிரைக்குத் திருட்டுப்புல் வைத்துக் காலைக் கெடுத்தவள் என்று ஆபீஸில் பேச்சு கிளம்பியது. அதைக் கற்பகமே வீட்டில் வந்து சொன்னாள். சொல்லும்போது அவளுக்குச் சந்தோஷமில்லை. வன்னியபெருமாளுக்குக் காதுமடல் சுட்டது.

சொல்ல முடியாததை உடம்பால் செய்து தீர்க்கப் பார்த்தார். கண்மாய்த் தண்ணீர் ஓரத்துக் களிமண் எந்த வெயிலிலும் ஜில்லென்றிருக்கும். அதைக் கூடை கூடையாகச் சுமந்துவந்து, குழைத்து, நாலு குளம்பிலும் அப்பினார். காய்வதற்குள் கழுவிவிட்டுப் புது மண் அப்பினார். கரிசல் மண் பிடித்தால் விடாது. நகக்கண்ணெல்லாம் கறுத்துப்போய், சோறு உண்ணும்போது கையைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. கம்பந்தட்டையைச் சீனி கரைய ஊறப்போட்டு, தண்ணீரை வடித்து, பிழிந்து வைத்தார். பவுனு முதல் இரண்டு நாள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "தின்னு தாயீ, தின்னு" என்று கெஞ்சினார். மடியில் மிச்சமிருந்த கருப்பட்டி மிட்டாயை ஓடையில் எறிந்தார். எறிந்தது யாருக்குத் தெரியும்? தெரியாமல் செய்கிற நல்லதற்கும் இப்போது அவருக்கு வெட்கமாக இருந்தது.

கற்பகம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் வேனிலிருந்து இறங்கி வந்தவள், அவர் முதுகில் ஒட்டியிருந்த களிமண்ணைத் துடைத்துவிட்டு, "பெத்த பிள்ளைக்குக்கூட இப்படி யாரும் செய்ய மாட்டாவ" என்றாள். அந்த வார்த்தையைவிட அவள் ஒரு அறை விட்டிருக்கலாம்.

எலும்பு இறங்கவில்லை. மார்கழி நடுவில் டாக்டர் வந்து பார்த்து, பிழைத்துக்கொண்டது என்றார். ஆனால் இனி சாரட்டு இழுப்பது சந்தேகம்தான். விடியற்காலையில் கூட்டைப் போட்டு மெதுவாக நடத்திப் பழக்கலாம், ஆயுசுக்கும் பச்சைக்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றார். கற்பகம் தொழுவத்து மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் செல்வமாரி வந்தாள். வாசலுக்கு வரவில்லை, தொழுவத்துப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆள் பாதியாகியிருந்தாள். வன்னியபெருமாள் பவுனுக்குக் கடைசியாகப் போட்ட மண்பற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மதினியக் கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்றாள்.

அவர் கூப்பிடுமுன் குரல் கேட்டுக் கற்பகமே வந்தாள். வந்து, முகத்தைத் தூணுக்குக் கொடுத்தாள்.

"மதினி, நான் உள்ளதச் சொல்லிருதேன். பெறகு நீங்க என்ன செஞ்சாலுஞ் சரி." செல்வமாரி படலை விடவில்லை. "காச்சல்ல கிடந்தேன்லா, அப்ப ஒருநா. ஆட்டுக்கு அறுத்த அருகம்புல்லு ஈரமாக் கிடந்துச்சு. கம்மாய்க்குப் போயி வந்து, கூட்ட அவுக்கும் முன்ன, இது வேலிக்கு அங்கன நின்னு என்னையே பாத்துச்சு. கூட்ட ஒரு பக்கமாத் தள்ளி, ஒரு கை அள்ளி ஊட்டிட்டேன். ஒரே நாளுதான் மதினி. இது கால நீட்டிக்கிட்டு நிக்கதப் பாத்ததுலருந்து எனக்குத் தொண்டையில சோறு எறங்கல. நீங்க பேசாம இருந்தப்ப, சரிதான், நம்ம செஞ்சதுக்கு இது வேணும்னுதான் இருந்தேன். இன்னைக்குப் பொழச்சிக்கிடுச்சின்னாவ. அதான் சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

வன்னியபெருமாள் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு சாய்ந்து காலில் கொட்டியது. அவர் அதை நிமிர்த்தவில்லை.

கற்பகம் திரும்பினாள். அவள் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. செல்வமாரியின் கையைப் படலிலிருந்து எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"கூறுகெட்டவளே, இத அன்னைக்கே சொன்னா என்னட்டி? ஒரு கை புல்லுல வார நோவா இது? டாக்டரம்மா சொன்னாவளே, நெதமும் விட்டிருக்கணும், வகுறு முட்ட மேஞ்சிருக்கணும், அப்பத்தான்…"

அங்கே நின்றுவிட்டாள். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டமாதிரி நின்றாள். தினமும் யார் கூட்டிப் போனது? தொழுவத்துச் சுவரில் தொங்கிய வாய்க்கூட்டைப் பார்த்தாள். அதில் இருந்தது அவள் போடுகிற இரட்டை முடிச்சு இல்லை, தினமும் மாட்டி அவிழ்த்த அவர் கையின் முடிச்சு. இத்தனை நாளும் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"நாந்தான்" என்றார் வன்னியபெருமாள்.

பவுனு தட்டையை மென்றுகொண்டிருந்தது.

"மழ விட்ட நாள்லருந்து. கம்மாய்க்குள்ள. ஒன் வேன் வாரதுக்குள்ள மாட்டிக் கூட்டியாந்துருவேன்."

கற்பகம் வாய் திறக்குமுன் செல்வமாரிதான் பேசினாள். அவள் சத்தம் போடவில்லை. "ஆபீஸ்ல எல்லாரும் என்ன ஒருமாதிரிப் பாத்தாவ. உங்களுக்குத் தெரியுந்தானே அண்ணாச்சி? நான் குத்தவாளின்னு நானே நெனச்சிக்கிட்டுக் கிடந்தேன். தெரிஞ்சிக்கிட்டு எப்படிப் பேசாம இருந்தீங்க?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அவள் நிற்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலியைச் சுற்றிப் போய்விட்டாள்.

கற்பகம் தொழுவத்துத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். ஏன் அவிழ்த்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். அவருக்கு எப்படியாவது தம்மைக் கொஞ்சம் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. மனுஷனுக்கு அந்த நேரத்தில்தான் சொல்லக் கூடாதது வாயில் வரும்.

"பொறுக்கல கற்பகம். கண்ணு முன்னால இருந்தும் திங்க முடியலன்னா எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியாது."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"தெரியாதுதான்" என்றாள். "ஒங்களுக்குச் சீனின்னு சொன்ன நாள்லருந்து இந்த வீட்டுல நான் நெல்லுச்சோறு தின்னு பாத்திருக்கீங்களா? ஒரு பண்டம் வாயில போட்டுப் பாத்திருக்கீங்களா? ஆபீஸ்ல தீவாளிக்குக் குடுத்த மிட்டாயக்கூட அங்கனயே பிள்ளைகளுக்குப் பிச்சுக் குடுத்துட்டுத்தான் வேன் ஏறுனேன். நீங்க திங்காதத நானும் திங்கல."

அவருக்கு அது தெரியாது. அவள் வட்டிலை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. தம் வட்டிலைத்தான் பார்த்திருக்கிறார்.

மறுநாள் விடியுமுன் அடுப்பங்கரையிலிருந்து நெல்லுச்சோறு கொதிக்கிற வாசம் வந்தது. கருவாட்டுக் குழம்பும் மணத்தது. கற்பகம் குளித்து, சேலை மாற்றி, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, பானையோடு சோற்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் இறக்கினாள். பக்கத்தில் அகப்பையை வைத்தாள்.

"இனிமே நான் அளக்கல. வேணுங்கதப் போட்டுச் சாப்பிடுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போன குரல். வெளியே வேன் ஹாரன் அடித்தது. அவர் எட்டிப் பார்த்தபோது அவள் வேனுக்குப் போகாமல் செல்வமாரி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே இருந்து யாரும் வரவில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள். வேன் இரண்டாவது தடவை ஹாரன் அடித்த பிறகு செல்வமாரி வெளியே வந்து, இவளைப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். கற்பகம் பின்னால் போனாள்.

வன்னியபெருமாள் அகப்பையை எடுத்தார். ஒரு அகப்பை வைத்தார். இது ஜாஸ்தியோ என்று பாதியைத் திரும்பப் பானையில் தள்ளினார். பிறகு கொஞ்சம் எடுத்தார். எவ்வளவு போதும் என்று அவர் கைக்குத் தெரியவில்லை. எத்தனையோ நாள் அந்தப் பானைக்காக ஏங்கியவர், இரண்டு வாய் உண்டுவிட்டு மூடி வைத்தார். கை கழுவும்போது அழுதார்.

வெயில் வருவதற்குள் பவுனை நடத்த வேண்டும். சுவரிலிருந்து வாய்க்கூட்டை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனார். பவுனு அவரைக் கண்டதும் கனைத்தது. கூட்டை மாட்டி, கற்பகம் போடுகிற மாதிரி இரட்டை முடிச்சாகப் போட்டார். குட்டி குட்டியாக எட்டு வைத்துப் பவுனு அவர் பின்னால் வந்தது. சரளை மேட்டுக்குப் போகிற பாதை கண்மாய்க்கரை ஓரமாகத்தான். உள்ளே புல் முழுக்கப் பனி நின்றது.

உடைமரம் வந்ததும் பவுனு தானாக நின்றது. அவர் கயிற்றை மெல்ல இழுத்துப் பார்த்தார். வரவில்லை. அவர் பக்கம் திரும்பி, கழுத்தைத் தாழ்த்தி, கூட்டோடு முகத்தைக் கொண்டுவந்து அவர் நெஞ்சில் வைத்தது.

"இல்ல தாயீ" என்றார்.

முடிச்சு இறுக்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் இன்னொரு முடிச்சுப் போட்டார். பவுனு முகத்தை எடுக்கவில்லை. அவிழ்த்துவிடுவார் என்று நின்றுகொண்டிருந்தது.